வினை இருக்கிறது, வினைமுதல் எங்கே?

(தில்லியில் பல்கலைக்கழக, கல்லூரி அலுவலகங்களில் பணியாற்றும் தமிழ்த் தோழர்களின் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பல்கலைக்கழக நிர்வாகப் பிரிவுகள் வெளியிடும் ஊழியர் செய்திகளையும் சாதனைப் பட்டியல்களையும் நாம் எவ்வாறு படிக்க வேண்டும் என்பதே எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், கல்வி வணிகமயம், மதவெறி அரசியல் எனப் பெரும் சவால்கள் நம்முன் நிற்கையில், ஒரு செய்திமடலின் கடைசிப் பக்கத்திற்காக ஒரு வகுப்பு தேவையா என்று சில தோழர்கள் எண்ணக்கூடும். தேவை என்றே நான் கருதுகிறேன். அந்தப் பெரும் சவால்கள் அனைத்தும் அந்தச் சிறிய பக்கத்திலேயே பதிவாகியிருக்கின்றன.

செய்திமடலின் கடைசிப் பக்கம்

அந்தப் பக்கத்தின் வடிவம் உங்கள் அனைவருக்கும் தெரிந்ததே. புதிதாகப் பணியில் சேர்ந்தோர், பதவி உயர்வு பெற்றோர், பணி ஓய்வு பெற்றோர் என்று மூன்று பட்டியல்கள். அவற்றின் கீழே, பயிற்சி முகாமில் பங்கேற்றோர், விளையாட்டுப் போட்டியில் வென்றோர், செப்டம்பர் மாத இந்தி விழாவில் கட்டுரைப் பரிசு பெற்றோர். நடுவே சால்வையும் பூங்கொத்துமாக ஒரு புகைப்படம். மத்தியப் பல்கலைக்கழகங்களின் ஆண்டறிக்கைகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படுகின்றன. இந்தப் பட்டியல்களின் சுருக்கம் அங்கும் சென்று சேர்கிறது.

இதை எள்ளி நகையாட வேண்டியதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்த ஓர் உதவியாளர், தம் பெயரை அச்சில் காணும்போது அடையும் மகிழ்ச்சி உண்மையானது. உழைப்புக்கு அங்கீகாரம் வேண்டும் என்ற விருப்பத்தில் குறையேதும் இல்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை? எது சாதனை என எழுதப்படுகிறது, எது எழுதப்படுவதில்லை?

தமிழ் படித்தவன் என்ற முறையில் அதன் வாக்கிய அமைப்பையும் சற்றே சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ‘பட்டமளிப்பு விழா சிறப்பாக நடத்தப்பட்டது’, ‘தேர்வு முடிவுகள் உரிய காலத்தில் வெளியிடப்பட்டன’, ‘சேர்க்கைப் பணிகள் நிறைவேற்றப்பட்டன’ என்று எல்லாமே செயப்பாட்டுவினை. இலக்கணம் செய்பவரை வினைமுதல் என்கிறது. இந்த வாக்கியங்களில் வினை இருக்கிறது, வினைமுதல் இல்லை. விழாவை நடத்தியவர் யார், முடிவுகளை வெளியிட்டவர் யார் என்பதற்கு வாக்கியத்தில் விடையில்லை.

நம் தோழர்களைக் குறிக்கும் சொல்லிலும் இதே குறை இருக்கிறது. ‘ஆசிரியரல்லாப் பணியாளர்’ என்று நாம் மொழிபெயர்க்கிறோம். மூலச்சொல்லே அப்படித்தான் இருக்கிறது. ஒரு தொழிலாளி செய்யும் வேலையைச் சொல்லாமல், அவர் எதுவாக இல்லை என்பதைச் சொல்லும் பெயர் இது. உழவரை ‘நெசவாளர் அல்லாதவர்’ என்று எவரும் அழைப்பதில்லை.

ஒரு பட்டம் கடந்து வரும் கைகள்

தில்லிப் பல்கலைக்கழகம் 1922இல் தொடங்கியபோது செயின்ட் ஸ்டீபன்ஸ், இந்து, ராம்ஜஸ் என்னும் மூன்று கல்லூரிகளே அதன் கீழ் இருந்தன. இன்று ஏறத்தாழ 90 கல்லூரிகள் இருக்கின்றன. இந்த வளர்ச்சியை வகுப்பறைகளின் வளர்ச்சியாக மட்டும் வரலாறு எழுதுகிறது.

பீகாரின் ஒரு கிராமத்திலிருந்து முதல் தலைமுறை மாணவி ஒருத்தி இங்கே வருகிறாள் என்று கொள்வோம். அவளுடைய சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் சரிபார்ப்பவர் எழுத்தர். அவளது கட்டணச் சலுகைக் கோப்பை நகர்த்துபவர் உதவியாளர். அவள் எழுதிய விடைத்தாள் கட்டுகள் மையத்திலிருந்து திருத்தும் இடத்திற்குப் போய்ச் சேருவதும், மதிப்பெண்கள் பட்டியலில் ஏறுவதும், உதவித்தொகைப் படிவம் உரிய நாளில் மேலே செல்வதும், இறுதியில் பட்டச்சான்று அச்சாகி அவள் கைக்கு வருவதும் நிர்வாகப் பிரிவின் உழைப்பு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தாமதமானால் உதவித்தொகை தவறும். உதவித்தொகை தவறினால் அந்த மாணவி ஊருக்குத் திரும்ப நேரிடும். கல்வி உரிமை அரசமைப்புச் சட்டத்தில் எழுதப்பட்டிருப்பது போதாது. அது அன்றாடம் ஓர் அலுவலக மேசையின் மீது நிறைவேற வேண்டும்.

1963: ஓர் ஓட்டுநரின் வழக்கு

இந்த உழைப்பு கல்வியின் பகுதியா, இல்லையா? இந்தக் கேள்வி ஒருமுறை உச்சநீதிமன்றம் வரை சென்றது. அது தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தே சென்றது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பெண்கள் கல்லூரி மாணவியரை ஏற்றிச்செல்லப் பல்கலைக்கழகம் பேருந்துகளை இயக்கி வந்தது. நட்டம் ஏற்படுகிறது என்று கூறி ஓட்டுநர்களின் வேலை பறிக்கப்பட்டது. ராம்நாத் என்ற ஓட்டுநர் தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் நியாயம் கேட்டார். தொழில் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. பல்கலைக்கழகம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. 1963 ஏப்ரலில் வெளிவந்த தீர்ப்பில், கல்வி ‘தொழில்’ ஆகாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. கல்விப் பணியில் ஆசிரியர்களே முதன்மையானவர்கள், அவர்கள் சட்டப்படி ‘தொழிலாளி’ அல்லர், ஏனைய ஊழியர்களின் பங்கோ மிகச் சிறியது, கீழ்நிலையானது, பொருட்படுத்தத்தக்கதன்று என்பதே அத்தீர்ப்பின் வாதம். அவர்களை முன்னிட்டு ஒரு பல்கலைக்கழகத்தைத் தொழில் என்று கொள்ள முடியாது என்று முடிவாயிற்று.

தோழர்களே, இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். ஒரு ஆலைத் தொழிலாளிக்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய பாதுகாப்பு, பல்கலைக்கழக ஓட்டுநருக்கும் எழுத்தருக்கும் கடைநிலை ஊழியருக்கும் மறுக்கப்பட்டது. கல்வி புனிதமானது, ஆகவே அங்கே உழைப்பவருக்கு உரிமை இல்லை! புனிதம் என்ற சொல் உழைப்பவரின் வாயை அடைக்கப் பயன்படுவது நம் நாட்டில் புதியதன்று.

1978: கதவு திறந்தது

இந்நிலை 15 ஆண்டுகள் நீடித்தது. 1978 பிப்ரவரி 21 அன்று, பெங்களூர் குடிநீர் வழங்கல் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பின் மையமான கருத்துகளை எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். 1957இல் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சுயேச்சையாக இடம்பெற்று அமைச்சராகப் பணியாற்றியவர் அவர்.

முறையான செயல்பாடு, வேலையளிப்பவருக்கும் ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பு, மக்களின் தேவைக்கான பொருளோ சேவையோ உருவாதல் ஆகிய மூன்றும் இருந்தால் அது தொழிலே என்றும், லாப நோக்கம் இருக்கிறதா என்பது பொருட்டல்ல என்றும் அத்தீர்ப்பு வரையறுத்தது. ராம்நாத் வழக்கின் தீர்ப்பு செல்லாது என அறிவிக்கப்பட்டது. பின்னர் 1988இல், ஆசிரியர்கள் அச்சட்டத்தின்படி ‘தொழிலாளி’ ஆகமாட்டார்கள் என்று உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இதனால் ஒரு விந்தை நேர்ந்தது. பேராசிரியருக்குக் கிடைக்காத சட்டப் பாதுகாப்பு, ‘ஆசிரியரல்லாதவர்’ என்று பெயர் பெற்றவருக்குக் கிடைத்தது. பல்கலைக்கழக நிர்வாகப் பிரிவு ஊழியர்களின் வரலாற்றில் இதைவிடப் பெரிய சாதனை வேறொன்று உண்டா? எந்தச் செய்திமடலிலாவது இதை நீங்கள் படித்ததுண்டா?

ஆளும் வர்க்கம் இதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1982இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் கல்வி நிறுவனங்களையும் மருத்துவமனைகளையும் ‘தொழில்’ என்ற வரையறையிலிருந்து நீக்கியது. ஆயினும் அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வெளியிடப்படவே இல்லை. 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற கேள்வி 2005இல் எழுப்பப்பட்டு, 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது. வென்ற உரிமை எதுவும் நிரந்தரமாக வென்றதாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பட்டியலில் இடம்பெறாத சாதனைகள்

பதவி உயர்வே இன்றி ஒரே நாற்காலியில் பணிக்காலம் முழுவதையும் கழித்த எழுத்தர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தனர். ஐந்தாவது ஊதியக்குழுவுக்குப் பின் 1999இல் ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு 12, 24 ஆண்டுகளில் நிதிசார்ந்த மேம்பாடு கிடைத்தது. 2008 முதல் அது 10, 20, 30 ஆண்டுகள் என்று மாறியது. பெண் ஊழியர்களுக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பும், பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் ஆறாவது ஊதியக்குழுவை ஒட்டி வந்தன. மத்தியப் பல்கலைக்கழக ஊழியர்களுக்கும் இவை விரிவடைந்தன. 1960 ஜூலையிலும் 1968 செப்டம்பர் 19 அன்றும் ஒன்றிய அரசு ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தங்கள், அவற்றில் வேலையிழந்தோர், சிறை சென்றோர் ஆகியோரின் தியாகம் இல்லாமல், ஊதியக்குழு என்ற ஏற்பாடு இந்த அளவுக்கேனும் ஊழியருக்குச் செவிசாய்த்திருக்காது.

நிர்வாகத்தில் பங்கேற்பும் ஒரு சாதனையே. கேரளப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி ஊழியர்கள் தங்கள் பிரதிநிதியைச் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கின்றனர். கோப்பைச் சுமப்பவர் கொள்கையைப் பற்றியும் பேசலாம் என்ற ஜனநாயகக் கோட்பாட்டின் வெளிப்பாடு அது.

இழப்புகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. ஒரே அறையில் அருகருகே அமர்ந்து ஒரே வேலையைச் செய்யும் இருவரில், ஒருவரின் முதுமைக்கு உத்தரவாதம் உண்டு, மற்றவரின் முதுமை சந்தையின் கையில் இருக்கிறது. ஓய்வு பெற்றோர் பட்டியலில் இருவர் பெயரும் ஒரே எழுத்தில்தான் அச்சாகும்.

உங்களுக்கு ஒரு வேலையைப் பரிந்துரைக்கிறேன். உங்கள் நிறுவனத்தின் கடந்த ஐந்தாண்டுச் செய்திமடல்களை அல்லது ஆண்டறிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகப் பிரிவில் ஓய்வு பெற்றோரை எண்ணுங்கள். புதிதாகச் சேர்ந்தோரை எண்ணுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். கிடைக்கும் எண்தான் மடிந்துகொண்டிருக்கும் பணியிடங்களின் எண்ணிக்கை. நீண்டகாலம் நிரப்பப்படாத பணியிடத்தை ஒழிந்ததாகவே கொள்ளும் அரசு நடைமுறையும் இதனோடு சேர்கிறது. பூங்கொத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலி அகற்றப்படுவதை அந்தக் கணக்கு காட்டிவிடும்.

உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு

நாற்காலிதான் அகற்றப்படுகிறது. வேலை அங்கேயே இருக்கிறது. அதை யார் செய்கிறார்கள்?

ஆறாவது ஊதியக்குழு ‘டி’ பிரிவுப் பணியிடங்களை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஏற்கெனவே பணியில் இருந்த அலுவலக உதவியாளர், காவலர், தோட்டக்காரர், துப்புரவுப் பணியாளர் ஆகியோர் ‘பல்பணி ஊழியர்’ என ‘சி’ பிரிவில் சேர்க்கப்பட்டனர். தகுதியும் ஊதியமும் உயர்ந்தது நன்மையே. ஆனால் அவர்கள் ஓய்வு பெற்ற பின், அந்த வேலைகள் அவுட்சோர்சிங் எனப்படும் வெளிமுகமை முறைக்கு மாற்றப்பட்டன. முதலில் துப்புரவு, பிறகு காவல், பிறகு தோட்டம். இன்று கணினியில் தரவு பதிவு செய்பவரும், பல அலுவலகங்களில் இளநிலை உதவியாளரின் வேலையைச் செய்பவரும் அதே வழியில்தான் வருகின்றனர்.

2016இல் தொடங்கப்பட்ட ‘ஜெம்’ என்னும் அரசு மின்சந்தையில் நாற்காலி, காகிதம், மின்விசிறி வாங்கப்படுகின்றன. அதே சந்தையில் மனித உழைப்பையும் வழங்குநரிடமிருந்து பெறும் பிரிவு இருக்கிறது. கேட்கப்படும் விவரங்களில் கல்வித்தகுதி உண்டு, திறன் நிலை உண்டு, எண்ணிக்கை உண்டு. பெயர் இல்லை. தமிழ் இலக்கணம் மக்களை உயர்திணை என்றும் மற்றவற்றை அஃறிணை என்றும் பகுத்தது. நவதாராளமயம் மனிதரை உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு இறக்கிவிட்டது.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதற்குச் சட்ட உடை அணிவித்துள்ளன. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வந்துள்ளன. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் குறித்த தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் ‘மையமான’ வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. அடுத்த மூச்சில், துப்புரவு, காவல், உணவகம், தோட்டம் போன்றவை பொதுவாக மையமான வேலைகள் ஆகா என்றும் பட்டியலிடுகிறது. 1963இல் ‘பொருட்படுத்தத்தக்கதன்று’ என்ற சொல் எதைச் செய்ததோ, அதையே இன்று ‘மையமற்றது’ என்ற சொல் செய்கிறது. தொழிலுறவுத் தொகுப்போ, எந்தச் செயல்பாட்டையும் அறிவிக்கை மூலம் ‘தொழில்’ என்ற வரையறையிலிருந்து நீக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு வழங்குகிறது. பாதி ஊழியர்கள் ஒன்றாகத் தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம் என்கிறது.

ஒப்பந்ததாரர் மாறும்போது என்ன நடக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே வாயில், அதே காவலர், புதிய சீருடை. ஆனால் ஏட்டில் அவர் நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தவர். பணிக்கொடைக்கு ஐந்தாண்டுத் தொடர்பணி என்பது 1972 முதல் வரும் விதி. புதிய தொகுப்பு குறித்தகால ஊழியருக்கு ஓராண்டு போதும் என்கிறது. ஒப்பந்ததாரரின் ஏட்டில் அடிக்கடி புதியவராகும் தொழிலாளிக்கு ஐந்தாண்டும் எளிதில் நிறைவதில்லை. 15 ஆண்டுகள் ஒரே வளாகத்தில் உழைத்தவர் ஒருநாள் வராமற்போனால், ஓய்வு பெற்றோர் பட்டியலில் அவர் பெயர் இராது. அவர் சேர்ந்தார் என்பதே அந்தப் பக்கத்தில் பதிவாகவில்லை.

நீதிமன்றத்தில் திறந்துள்ள வாசல்

2006இல் உமாதேவி வழக்கில் அரசமைப்புச் சட்ட அமர்வு அளித்த தீர்ப்பைக் காட்டியே, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியர்களின் பணி வரன்முறைக் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டு வந்தன. அதே தீர்ப்பில், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்தாண்டுகள் பணியாற்றியோரை ஒருமுறை நடவடிக்கையாக வரன்முறைப்படுத்த வேண்டும் என்ற வழிகாட்டுதலும் இருந்தது. அந்தப் பகுதியை நிர்வாகங்கள் மறந்தன.

அண்மைக்காலத்தில் காற்று சற்றே திசை மாறியுள்ளது. 2024 டிசம்பரில் மத்திய நீர் ஆணையத் துப்புரவுப் பணியாளர்கள் தொடுத்த ஜக்கோ வழக்கில், நீண்டகால, இன்றியமையாத பணியைத் தற்காலிகம் என்று பெயரிட்டுச் சுரண்டுவதை உச்சநீதிமன்றம் கண்டித்தது. 2025 ஆகஸ்டில் வந்த தரம் சிங் வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. உத்தரப் பிரதேச உயர்கல்விப் பணிகள் ஆணைய அலுவலகத்தில் 1989க்கும் 1992க்கும் இடையே தினக்கூலியாகச் சேர்ந்த ஊழியர்கள் அவர்கள். நிதி நெருக்கடி என்று கூறிப் பணியிடங்களுக்கு அனுமதி மறுத்தது மாநில அரசு. 2002ஆம் ஆண்டிலிருந்தே அவர்களை வரன்முறைப்படுத்த வேண்டும் என்றும், தேவையெனில் கூடுதல் பணியிடங்களை உருவாக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. அரசு தன் வரவு செலவைக் கடைநிலை ஊழியர்களின் முதுகின் மீது சமன்செய்யக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆனால் 30 ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்பு அது. நீதிமன்றம் ஒரு வாசல் மட்டுமே. அதுவரை நடந்து செல்லும் வலிமையைச் சங்கம்தான் தர முடியும்.

நமது பக்கத்தை நாமே எழுதுவோம்

நிரந்தர ஊழியரின் சங்கம், ஒப்பந்தத் தொழிலாளியை உறுப்பினராக்கத் தயங்குகிற பல வளாகங்கள் உள்ளன. அவர் நம் நிறுவனத்தின் ஊழியர் அல்லவே என்று சொல்கிறபோது, ‘அல்லாதவர்’ என்று நம்மை ஒதுக்கிய அதே மொழியை நாமும் பேசுகிறோம். நிரந்தர ஊழியரின் எண்ணிக்கை குறைந்துவரும் நிலையில், ஒப்பந்தத் தொழிலாளி இல்லாத சங்கத்திற்குப் பேரம்பேசும் வலிமை இருக்காது. இது கருணை சார்ந்த கேள்வியன்று, வர்க்க ஒற்றுமை சார்ந்த கேள்வி.

உடனடியாகச் செய்யக்கூடியவை மூன்று உள்ளன. முதலாவது, ஒவ்வொரு பிரிவிலும் பணிபுரியும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர், செய்யும் வேலை, முதன்முதலில் வளாகத்திற்குள் வந்த ஆண்டு, மாறிய ஒப்பந்ததாரர்கள் ஆகிய விவரங்களைப் பதிவேடாகத் தொகுப்பது. நுழைவு அட்டை, வருகைப் பதிவு, ஊதியச் சீட்டு, பணி ஆணை ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்து வைப்பது. நாளை எந்த மன்றத்தின் முன்னும் அந்தப் பதிவேடே சாட்சி. இரண்டாவது, ஒவ்வொருவரின் வைப்புநிதிக் கணக்கிலும் மாதந்தோறும் பணம் சேர்கிறதா, ஈஎஸ்ஐ அட்டை செயல்படுகிறதா என்று உடனிருந்து பார்த்துத் தருவது. ஒப்பந்ததாரர் ஊதியத்தையோ வைப்புநிதியையோ செலுத்தத் தவறினால், மூல வேலையளிப்பவரான கல்வி நிறுவனமும் சட்டப்படி பொறுப்பாளி. கணினியும் கோப்பும் கைவந்த எழுத்தர் தோழரைவிட இப்பணிக்குப் பொருத்தமானவர் யார்? மூன்றாவது, சங்கமே ஓர் ஊழியர் செய்திப் பக்கத்தை மாதந்தோறும் வெளியிடுவது. அதில் ஓய்வு பெறும் பிரிவு அலுவலரும் இருக்கட்டும், வேலையிழந்த காவலரும் இருக்கட்டும். ‘முடிவுகள் வெளியிடப்பட்டன’ என்று எழுதாமல், இன்னார் இன்னார் இரவு பகலாக உழைத்து வெளியிட்டனர் என்று பெயரோடு எழுதுங்கள்.

மாணவர்களோடான உறவையும் மறக்கலாகாது. எல்லைக்கு அப்பால், டாக்கா பல்கலைக்கழகத்தில் 1949இல் நான்காம் நிலை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஆதரவாக நின்ற மாணவர்கள் தண்டிக்கப்பட்டனர். பணிய மறுத்து வெளியேற்றப்பட்ட சட்டக்கல்வி மாணவர் ஒருவரே, பின்னாளில் வங்கதேச விடுதலையின் தலைவரான ஷேக் முஜிபுர் ரஹ்மான். அந்த வெளியேற்ற ஆணையைப் பல்கலைக்கழகம் 2010இல் திரும்பப் பெற்றது. நிர்வாகத்தின் ஏடு தன்னைத் திருத்திக்கொள்ள 61 ஆண்டுகள் ஆயின. ஊழியருக்காகக் குரல் கொடுக்கும் மாணவர் அமைப்பும், மாணவரின் உதவித்தொகைக் கோப்பைத் தேங்கவிடாத ஊழியர் சங்கமும் ஒன்றுசேரும் வளாகத்தில் கட்டண உயர்வையும் தனியார்மயத்தையும் எளிதில் திணிக்க முடியாது.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும்போது ஒவ்வொரு தோழரும் தம் பிரிவில் பணியாற்றும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அனைவரின் பெயரையும் அவர்கள் சேர்ந்த ஆண்டையும் எழுதி வாருங்கள். பெயர் தெரியாதவர் ஒருவரேனும் இருந்தால், நாளைக் காலையே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.